வாக்கும் வாயும்

"அண்ணா, ஆக மோசமானவர் வந்திடக் கூடாது எண்டு சொல்லிச் சொல்லியே பாதி மோசமானவருக்குப் புள்ளடி போடச் சொல்லுறியள். அப்ப எங்கட ஆள் எப்பதான் வாறது?"

2024 செப்டெம்பர் முதல் கிழமையில், இலங்கை ஜனாதிபதித் தேர்தல் நெருங்கியிருந்தபோது, எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு தங்கை இப்படிக் கேட்டாள். கேட்டுவிட்டு, பாதி குடித்த தேநீரை யன்னல் கட்டில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நுண்கடனில் மாட்டிக்கொண்ட பெண்களோடு முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமங்களில் வேலை செய்பவள் அவள். காணிக்கு உத்தரவுப்பத்திரம், கடனுக்கு நியாயமான வட்டி, படையினர் பிடித்து வைத்திருக்கும் நிலத்தின் விடுதலை என்ற மூன்று கோரிக்கைகளை ஒரு தாளில் எழுதி, வன்னிக்கு வந்துபோன ஒவ்வொரு வேட்பாளரின் ஆட்களிடமும் நீட்டியிருந்தாள். எல்லோரும் வாங்கினார்கள், ஒருவரும் கையொப்பமிடவில்லை. ஆகவே வாக்குச்சீட்டை வெறுமையாகப் பெட்டியில் போடுவதென்று முடிவு செய்திருந்தாள். அன்று நான் அவளுக்குச் சொன்ன மறுமொழி அரைகுறையானது. கோபத்தோடு போன ஒருவரைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் சொன்னது. இப்போது அதைத் திருத்தமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'மிதவாதி' என்பது வன்னியில் வெறும் வர்ணனையாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆயுதம் எடுத்தவர்கள் ஒரு பக்கமும், மேடையும் நாடாளுமன்றமும் போதும் என்றிருந்தவர்கள் மறுபக்கமுமாகப் பிரிந்த காலத்தில் பின்னவர்களைச் சுட்டவும், பல வேளைகளில் ஏசவும் பயன்பட்ட சொல் அது. அந்தப் பழைய வழக்கை இங்கே கிளற நான் வரவில்லை. காணி, கடன், சாதி, பெண்ணுரிமை, காணாமல் ஆக்கப்பட்டோர், அதிகாரப் பகிர்வு ஆகிய எல்லாவற்றிலும் அடியோடு மாற்றம் வேண்டும் என்று நினைக்கும் எங்களைப் போன்றவர்கள், அவற்றில் கால்வாசியைக்கூட வாய் நிறையப் பேசாத, ஆனால் எதிரே நிற்பவரைப் போல அவற்றைக் காலால் மிதிக்கவும் மாட்டார் என்று ஓரளவு நம்பத்தக்க ஒரு நடுப்போக்கு வேட்பாளருக்கு வாக்களிக்கலாமா என்பதே கேள்வி. பெரும்பாலான வேளைகளில் வாக்களிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாக்கைக் கொடுக்கும்போது அதனோடு சேர்த்து வேறொன்றையும் கொடுத்துவிடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. வினை அங்கேதான் வருகிறது.

எங்கள் வீட்டில் வாக்குரிமை பரம்பரைச் சொத்தாக வந்ததல்ல. தாத்தா கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1947 பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கு இருந்தது. தங்கள் பிரதிநிதிகளைத் தெரிவு செய்ததோடு, வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் அவர்கள் கைகொடுத்தார்கள். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த வாக்கைப் பறித்தன. 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடிசை போட்ட தாத்தா நாடற்றவராகவே கண்ணை மூடினார். அப்பாவுக்கு 1988 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர்தான் குடியுரிமை கிடைத்தது. அவர் முதன்முதலாக வாக்களித்தது 2004 ஏப்ரலில். அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ஓமந்தை வரை பஸ்ஸில் போய் வந்தவர், விரலில் பூசிய மை தேய்ந்துவிடக் கூடாதென்று இரண்டு நாளாக இடக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே குளித்தார். வாக்கைச் சும்மா விடுவதும் ஒரு கொள்கை நிலைப்பாடுதான் என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த விரல் ஞாபகம் வந்துவிடுகிறது. இது தர்க்கமாகாது என்பது தெரியும். என்றாலும் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை மறைத்துவிட்டுத் தர்க்கம் பேசுவது சரியாகப் படவில்லை.

அடுத்த ஆண்டே அந்த விரலுக்கு வேலையில்லாமல் போயிற்று. 2005 நவம்பர் 17 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது நான், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த கிளிநொச்சியில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பிரதான வேட்பாளர்களும் ஒன்றுதான், ஒருவர் முகத்துக்கு நேரே அடிப்பார், மற்றவர் சிரித்துக்கொண்டே கழுத்தை நெரிப்பார் என்ற பேச்சுத்தான் எங்கும். தமிழ் மக்களுக்கு இத்தேர்தலில் அக்கறை இல்லை என்று முடிவாயிற்று. அந்த முடிவை மக்கள் தாமாக எடுத்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். எடுத்து வைக்கப்பட்ட முடிவை மீறும் துணிவு எவருக்கும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் (கிளிநொச்சியும் அதற்குள்தான் அடங்குகிறது, வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டுமே) பதிவாகியிருந்த ஏறத்தாழ ஏழு இலட்சம் வாக்காளரில் 1.2 வீதத்தினரே வாக்களித்தார்கள். மகிந்த ராஜபக்சவுக்கும் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இடையே நாடு முழுவதிலும் இருந்த வித்தியாசம் 180,786 வாக்குகள்.

ரணில் வந்திருந்தால் போர் மூண்டிருக்காது என்று சொல்ல நான் தயாரில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர் அவர் என்பது அவரை நல்லவராக்கிவிடாது. ஆனால் 'இரண்டும் ஒன்றுதான்' என்ற வாக்கியத்தை அதன் பிறகு நான் நம்புவதில்லை. 2009 மாசி மாதம் மாத்தளன் பக்கமாக ஒரு பதுங்குகுழிக்குள் இருந்தபோது அம்மா ஒரே ஒரு தடவை, யாரையும் குறை சொல்லாத குரலில், "அன்னைக்கு ஒருதரம் போய்ப் போட்டிருக்கலாம்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

இதற்கு எல்லை இல்லையா என்றால், உண்டு. முகாமிலிருந்து வெளியே வந்து சில கிழமைகளே ஆகியிருந்த 2010 ஜனவரியில், போரை நடத்திய ஜனாதிபதிக்கு எதிராகப் போரை நடத்திய இராணுவத் தளபதி போட்டியிட்டார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு சரத் பொன்சேகாவை ஆதரிக்கச் சொன்னது. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் அவரே முன்னிலையில் வந்தார் என்பதால் எங்கள் சனம் எவ்வளவு கசப்பை விழுங்கக்கூடியது என்பது தெரிகிறது. நான் போகவில்லை, போனவர்களைக் குறை சொல்லவும் இல்லை. யாருடைய பெயரைப் பார்த்தாலே கை நடுங்குகிறதோ அவருக்குப் புள்ளடி போடு என்று இன்னொருவருக்குச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே அந்தத் தேர்தலைப் பற்றி எனக்குள்ள ஒரே அபிப்பிராயம்.

என் முதல் வாக்கு 2015 ஜனவரி 8 ஆம் திகதி, மகிந்தவை எதிர்த்து நின்ற மைத்திரிபால சிறிசேனவுக்கு விழுந்தது. அவரும் ஒன்றும் எங்கள் ஆள் அல்லர். போரின் கடைசி இரண்டு கிழமைகளில் பதில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் தாமே என்று பின்னாளில் அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். பொன்சேகாவுக்குப் போடாத கை இவருக்கு எப்படிப் போட்டது என்று கேட்டால், ஐந்து ஆண்டு இடைவெளியும், ஊரில் எந்தக் கூட்டம் கூடினாலும் விசாரிக்க ஆள் வந்த அந்தக் காலத்தின் மூச்சுமுட்டலும் என்றுதான் சொல்ல முடியும். வன்னியில் நூற்றுக்கு 78 வீதமளவில் அவருக்கு வாக்களித்தோம்.

அந்த வாக்கினால் என்ன கிடைத்தது? தீர்வு கிடைக்கவில்லை, நீதி கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு கொட்டகை போடும் இடம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. 2017 ஜனவரி கடைசி நாளில் கேப்பாப்பிலவு பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாசலில், தெருவோரத்தில் தறப்பாளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாசிப் பனி விழும் இரவுகளில் நானும் இரண்டு மூன்று தடவை போயிருந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடச் சீருடையோடு அங்கேயே தூங்கினார்கள். முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் தாங்கள் நட்ட தென்னைகளை ஒரு கிழவி விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஒரு மாதம் கழித்து, மார்ச் முதலாம் திகதி, அந்தக் காணி விடுபட்டது. அந்த மாசியிலேயே கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்பாகவும், நாலு நாள் கழித்து வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு சித்திரையில் இரணைதீவு மக்கள் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் ஏறி, எவரிடமும் அனுமதி கேட்காமல் தங்கள் தீவுக்குப் போய் இறங்கினார்கள். 2014 இல் இப்படி இரவும் பகலும் ஒரு படைமுகாமின் வாசலில் குந்தியிருப்பதை நாங்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டோம். இவற்றில் எதையும் அரசாங்கம் தரவில்லை, சனம் எடுத்துக்கொண்டது. ஆனாலும் எடுப்பதற்குக் கை நீட்டக்கூடிய ஒரு காலமாக அது இருந்தது.

சட்டங்களும் சில வந்தன. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு நூற்றுக்கு 25 வீதம் என்ற ஒதுக்கீடு 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. எங்கள் பிரதேச சபைக் கூட்டங்களில் தண்ணீர் பவுசரைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் பெண்கள் எழுந்து பேசத் தொடங்கியது அதன் பிறகுதான். 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு, அப்பாவின் காணிக் கோப்பு எங்கே நிற்கிறது என்று நான் ஓர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். முப்பது வருடமாக வாய்மொழியாகவே "நாளைக்கு வாங்க" என்று பதில் சொன்ன இடத்திலிருந்து, "கோப்பு கிடைக்கவில்லை" என்று ஒற்றை வரியில் எழுத்து மூலம் பதில் வந்தது. சிரிக்கலாம். ஆனால் எழுத்தில் வந்த பொய்யோடு மல்லுக்கட்டலாம். வாயால் சொன்னதோடு முடியாது.

பிழை வேறிடத்தில் நடந்தது. வாக்கைக் கொடுத்த கையோடு நாங்கள் வாயையும் கொடுத்துவிட்டோம். தமிழில் வாக்கு என்பது வாக்குச்சீட்டையும் குறிக்கும், பேச்சையும் குறிக்கும், சத்தியத்தையும் குறிக்கும். அதனாலோ என்னவோ ஒன்றைக் கொடுத்தால் மற்றவற்றையும் சேர்த்துக் கொடுத்ததாகவே நினைத்துக்கொள்கிறோம். 2016 முழுவதும் நான் போன கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே புத்திமதி: இப்போது கத்தாதீர்கள், தெற்கில் மகிந்தவுக்குத் தீனி போடாதீர்கள், 'நல்லாட்சி' என்ற இந்த அரசைக் குழப்பாதீர்கள். 2016 க்குள் தீர்வு வரும் என்று நாடாளுமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சம்பந்தன் ஐயா சொன்னார். எதிர்க்கட்சித் தலைமையை வைத்துக்கொண்டே கூட்டமைப்பு அரசின் வரவு செலவுத் திட்டங்களுக்கு ஆதரவாகக் கை தூக்கியது. அதற்கு விலையாக என்ன கேட்கப்பட்டது என்பதை நாங்கள் ஒருபோதும் காணவில்லை. நானும் அந்தப் புத்திமதியைச் சொன்னவர்களில் ஒருவன். முல்லைத்தீவில் ஒரு கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து ஜனாதிபதியின் பெயரைச் சொல்லித் திட்டத் தொடங்கியபோது, "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ" என்று ஒலிவாங்கியை வாங்கியவன் நான்தான். அவரது மகனுடைய படம் அவர் மடியில் கவிழ்ந்து கிடந்தது.

நாங்கள் பொறுத்தோம், ஜனாதிபதி பொறுக்கவில்லை. எந்த மகிந்தவுக்குத் தீனி போடாதீர்கள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டதோ, அதே மகிந்தவை 2018 ஒக்ரோபர் 26 ஆம் திகதி மாலை பிரதமராக நியமித்தார் நாங்கள் வாக்களித்த ஜனாதிபதி. அன்றிரவு எனக்கு ஏமாற்றத்தைவிட வெட்கம்தான் மேலிட்டது. அந்த ஒலிவாங்கியை வாங்காமல் இருந்திருக்கலாம்.

இந்தப் பழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். தெற்கின் இடதுசாரிகள் இதைவிடப் பெரிதாகக் கொடுத்தார்கள். லங்கா சமசமாஜக் கட்சி, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து நின்ற காலத்தில், ஒரு மொழியென்றால் இரு நாடு, இரு மொழியென்றால் ஒரு நாடு என்று எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1964 இல் அக்கட்சி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் சேர்ந்தது. வலதுசாரிகளைத் தடுக்க நடுப்போக்கானவரோடு சேர்வது என்ற, இன்று நான் சொல்லும் அதே நியாயம்தான் அன்றும் சொல்லப்பட்டது. ஆனால் அவர்கள் கொடுத்தது ஆதரவை மட்டுமல்ல. 1966 ஜனவரியில் தமிழுக்கு இடமளித்த டட்லி சேனநாயக்க அரசின் தமிழ் மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்த ஊர்வலத்தில் கால்களைக் கொடுத்தார்கள். 1972 இல் பேனாவையும் கொடுத்தார்கள். பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்து, சிங்களத்தை அரசியலமைப்பிலேயே ஒரே ஆட்சிமொழியாக்கி, சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த பழைய யாப்பின் 29 ஆம் பிரிவை இல்லாமலாக்கிய அந்தக் குடியரசு யாப்பை வரைந்த அமைச்சர், அதே கொல்வின். மூன்று ஆண்டுகளில் சமசமாஜிகள் அரசிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1977 தேர்தலில் ஒரு ஆசனம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதே ஆண்டில்தான் தாத்தா தோட்டத்தை விட்டு ஓடிவந்தார் என்பதால் இந்த வரலாற்றை என்னால் தூர நின்று பார்க்க முடிவதில்லை.

பாரிசில் இருக்கும் என் மைத்துனர் இந்த விஷயத்தில் எங்களைவிடத் தெளிவானவர். உணவகச் சமையலறையில் இருபது வருடமாக நின்று முழங்கால் தேய்ந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, அங்குள்ள இடதுசாரிகளோடு சேர்ந்து நடப்பவர். 2022 இல் பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றில் மக்ரோனும் மரின் லு பென்னும் எதிரெதிரே நின்றபோது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை விரட்டும் கட்சி வந்துவிடக் கூடாதென்று மக்ரோனுக்கு வாக்களித்தார். அடுத்த ஆண்டே மக்ரோன் ஓய்வூதிய வயதை 62 இலிருந்து 64 ஆக உயர்த்தினார். மைத்துனர் என்ன செய்தார்? தான் வாக்களித்த மனிதருக்கு எதிராக வேலையை விட்டு வீதியில் இறங்கினார். 2024 யூலையில் நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்றில் இடதுசாரிகளும் மக்ரோனின் ஆட்களும் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் ஒருவருக்காக ஒருவர் விலகிக்கொண்டு லு பென்னின் கட்சியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியபோது, மறுபடியும் போய் வாக்களித்தார். முதலிடத்துக்கு வந்த இடதுசாரிக் கூட்டணியை விட்டுவிட்டு, செப்டெம்பரில் வலதுசாரியான மிஷேல் பார்னியேயை மக்ரோன் பிரதமராக்கியதும் மறுபடியும் வீதிக்கு வந்தார். "உமக்கு அலுக்காதா?" என்று தொலைபேசியில் கேட்டேன். "மச்சான், கடைக்காரனிட்டச் சாமான் வாங்கினா அவனுக்குக் கலியாணம் பேசுறதே?" என்றார்.

எங்கள் ஊரிலும் இந்தப் புத்தி இல்லாமல் இல்லை. தேர்தலில்தான் காணாமல் போய்விடுகிறது. முத்தையன்கட்டுக் குளத்தின் தண்ணீர் சிறுபோகத்துக்கு முழுவதும் போதாத வருடங்களில், எத்தனை ஏக்கர் விதைப்பதென்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வாதாடுவார்கள். பாதிக் காணிக்குத்தான் தண்ணீர் என்றால் பாதியை வாங்கிக்கொண்டு வருவார்கள். முழுவதும் இல்லையென்றால் துருசைத் திறக்கவே வேண்டாம் என்று எந்தக் கமக்காரனும் சொன்னதில்லை. அதேபோலத் துருசு திறந்தாயிற்று, இனி அதிகாரி பார்த்துக்கொள்வார் என்று எவரும் போர்த்துக்கொண்டு படுப்பதும் இல்லை. டோர்ச் லைட்டும் மண்வெட்டியுமாக வாய்க்கால் தலைப்பில் இரவெல்லாம் காவல் இருப்பார்கள். மேல்வாய்க்கால்காரன் மச்சானாக இருந்தாலும் காவல் இருப்பார்கள்.

இனி 2024 க்கு வருகிறேன். அந்தத் தேர்தலில் யார் முற்போக்கு, யார் நடுப்போக்கு என்பதே எங்களுக்குக் குழப்பமாக இருந்தது. ஊழலும் பொருளாதாரமும் என்று பார்த்தால் அனுர குமார திசாநாயக்கவே மாற்றத்தின் பக்கம். ஆனால் இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் 2006 இல் நீதிமன்றம் போய்ப் பிரித்தது அவருடைய ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) தான் என்பதை வன்னி மறக்கவில்லை. சஜித் பிரேமதாச, மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் 13 ஆம் திருத்தத்தை நடைமுறைப்படுத்துவேன் என்றார். மற்றபடி பழைய வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு. தமிழரசுக் கட்சியின் மத்திய குழு செப்டெம்பர் முதலாம் திகதி வவுனியாவில் கூடி, தனக்குள்ளேயே முரண்பட்டுக்கொண்டு, அவரை ஆதரித்தது. சங்குச் சின்னத்தில் தமிழ்ப் பொது வேட்பாளராக அரியநேந்திரன் நின்றார். எங்கள் மூன்று கோரிக்கைகளில் ஒன்றைக்கூட முழுமையாக ஏற்காதவர்களாக எல்லோரும் இருந்தார்கள் என்ற அளவில் தங்கை சொன்னது சரி.

ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு வாக்குச்சீட்டிலேயே ஒரு வழி இருந்தது. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று மூன்று தெரிவுகளை இடலாம். முதலெண்ணிக்கையில் எவரும் அரைவாசிக்கு மேல் பெறாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் நீக்கப்பட்டு, நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் உள்ள அடுத்த தெரிவு அந்த இருவரில் எவருக்கு இருக்கிறதோ அவருக்குச் சேரும். மனம் ஒப்பிய ஒருவருக்கு ஒன்றாம் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு, சகித்துக்கொள்ளக்கூடிய ஒருவருக்கு இரண்டாம் இலக்கத்தைக் கொடுக்கலாம். அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தில் 537 வாக்குகளால் புஷ் வென்றபோது, முற்போக்காளர் ரால்ஃப் நேடருக்கு அங்கே 97 ஆயிரம் பேர் வாக்களித்திருந்தார்கள். தங்கள் இரண்டாவது விருப்பம் யார் என்று சொல்ல அவர்களுடைய சீட்டில் இடமே இருக்கவில்லை. எங்களுக்கு 1978 யாப்பிலிருந்தே அந்த இடம் இருக்கிறது.

அதைப் பயன்படுத்தினோமா? இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை வரை போன தேர்தல் அது. முதல் இருவரையும் தவிர்ந்த வேட்பாளர்களுக்கு 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்திருந்தன. அவற்றிலிருந்து சஜித்துக்கு 167,867 உம் அனுரவுக்கு 105,264 உம் சேர்ந்தன. அதாவது நூறு பேரில் எட்டுப் பேரின் அடுத்த தெரிவே கணக்கில் வந்தது. அரியநேந்திரனுக்கு வாக்களித்த 226,343 பேரில் எத்தனை பேர் இரண்டாம் இலக்கத்தை எழுதினார்கள் என்பதை அறிய எனக்கு ஆசை. எங்கள் பக்கத்தில் சங்குக்காகப் பிரசாரம் செய்தவர்களும் சரி, சஜித்தின் தொலைபேசிச் சின்னத்துக்காகச் செய்தவர்களும் சரி, தங்கள் சின்னத்தோடு பேச்சை முடித்துக்கொண்டார்களே தவிர, இரண்டாம் இலக்கத்தைப் பற்றி மூச்சும் விடவில்லை.

தேர்தலுக்கு முதல்நாள் மாலை பக்கத்து வீட்டு மாமி என்னைக் கூப்பிட்டு, முற்றத்து மணலில் ஈர்க்கினால் கீறிக் காட்டச் சொன்னார். பெட்டி பெட்டியாகக் கீறினேன்.

"ஒண்டுக்குப் புள்ளடி போட்டாப் போதுமே தம்பி, மற்ற ரெண்டும் என்னத்துக்கு?"

"புள்ளடி போட்டா அதோட முடிஞ்சுது மாமி. இலக்கம் போட்டா, உங்கட ஆள் வெளியில போனாலும் உங்கட வாக்கு உள்ளுக்கு நிக்கும்."

மாமி கொஞ்ச நேரம் மணலைப் பார்த்தார். "அப்ப ரெண்டாவது எண்டது, வேண்டாத ஆளைத் துரத்துறதுக்கு" என்றார். தேர்தல் அதிகாரிகள் இதைவிடச் சுருக்கமாக விளக்கி நான் கேட்டதில்லை.

நாடாளுமன்றத்துக்கும் உள்ளூராட்சிக்கும் இந்தச் சமரசம் அவ்வளவாகத் தேவையில்லை என்பதையும் தங்கைக்குச் சொல்ல வேண்டும். நாடாளுமன்றத் தேர்தலின் விகிதாசார முறையில், மாவட்டத்தில் நூற்றுக்கு 5 வீதத்தைத் தாண்டும் எந்தப் பட்டியலுக்கும் ஆசனம் கிடைக்க வழி உண்டு. 2024 நவம்பரில் வன்னியின் ஆறு ஆசனங்கள் ஐந்து பட்டியல்களுக்குப் பிரிந்து போயின. நூற்றுக்கு 20 வீதமளவில் பெற்ற, அனுரவின் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு கிடைத்தன. இப்படிப்பட்ட தேர்தலில் ஆக மோசமானவரைத் தடுக்க வேண்டும் என்று சொல்லி எங்களிடம் வாக்குக் கேட்பவர் பழைய பயத்தை விற்கிறார். அங்கே அவள் தன் மனதுக்குப் பிடித்தவர்களுக்கே போடலாம். அவளே நின்றாலும் நான் போய் நோட்டீஸ் கொடுப்பேன்.

அந்தச் செப்டெம்பரில் அவள் கடைசியில் வெறுஞ்சீட்டுப் போடவில்லை என்று பிறகு சொன்னாள். ஒன்றும் இரண்டும் யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் அரசாங்கம் அமைந்த அடுத்த மாதமே அந்த மூன்று கோரிக்கைத் தாளை மறுபடி அழகாக எழுதி, ஆளும் கட்சியின் உள்ளூர் அமைப்பாளர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். நானும் கூடப் போயிருந்தேன். அவர் மரியாதையானவர், கதிரை போட்டு இருத்தி, "நாங்களும் போராடி வந்த ஆக்கள்தான் தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கோ" என்றார். என் காது சுட்டது. தங்கை தாளின் அடியில் திகதியை எழுதி, வாங்கிக்கொண்டதாக அவரைக் கையொப்பமிடச் சொன்னாள். அவர் தயங்கிச் சிரித்தார், பிறகு இட்டார். அந்தத் தாளின் பிரதி எங்கள் வாசகர் வட்டத்தின் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் போய் வந்த திகதியை அதன் கீழே எழுதி வருகிறோம். இடம் முடிந்துவிட்டதால் போன கிழமை இன்னொரு தாளைச் சேர்த்து ஒட்டினாள்.